கடம்பூரிலிருந்து துபாய்: இன்டர்நெட்டில் விமான டிக்கெட் எடுப்பது எப்படி?

எங்கள் ஊர் கடம்பூர். கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. ரயிலில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் போளியால் தெரியும். ரயில் நிலையம் உண்டு, விமான நிலையம் கிடையாது. எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள் விமான டிக்கெட் எடுக்கும்போது சென்னைக்காரர்களை விடக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். நான் யோசிக்காமல் எடுத்து மாட்டிக் கொண்ட கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

துபாயில் இருக்கும் அக்காவுக்குப் பிரசவ நேரம். அம்மா துணைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம், தமிழ் மட்டுமே தெரியும். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நான்தான் டிக்கெட் எடுத்தேன். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனம், சென்னையிலிருந்து துபாய்க்கு வேறொரு நிறுவனம் என்று தனித்தனியாக எடுத்ததில் 2,700 ரூபாய் மிச்சம். இடையில் 2 மணி 50 நிமிடம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

அது நவம்பர் மாதம். சென்னையில் மழை. தூத்துக்குடி விமானம் 1 மணி 40 நிமிடம் தாமதம். அம்மா சென்னையில் இறங்கி, பெட்டி வரும் வரை காத்திருந்து, விசாரித்து விசாரித்து அடுத்த கவுன்டருக்குப் போனபோது மூடிவிட்டார்கள். "ஐயா, பிளேன் இன்னும் போகல, ஆனா ஏத்த மாட்டேங்காக. நான் என்ன செய்ய?" என்று போனில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். மறுநாளைக்குப் புது டிக்கெட் 18,400 ரூபாய். அவர் போய்ச் சேரும் முன்பே பேத்தி பிறந்துவிட்டாள்.

என்ன தவறு செய்தேன் என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் அதே தவறைச் செய்யாமலிருக்க, வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரே பி.என்.ஆர். ஆக இருக்கட்டும்

பி.என்.ஆர். என்பது உங்கள் முன்பதிவுக்குரிய ஆறு எழுத்துக் குறியீடு. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களை வேறு விமானத்தில் அனுப்பி வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. வெளிநாடு போகும்போது பெரும்பாலும் பெட்டியையும் முதல் விமான நிலையத்திலேயே கடைசி ஊர் வரைக்கும் போட்டுவிடலாம்.

தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டு நிறுவனங்களுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. முதல் நிறுவனத்தைப் பொறுத்தவரை உங்களைச் சென்னையில் இறக்கியதோடு கடமை முடிந்தது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி.

டிராவல் வெப்சைட்டுகளில் கவனம் தேவை. ஒரே வரியில், ஒரே விலையில் காட்டினாலும் உள்ளே இரண்டு தனி டிக்கெட்டுகள் இருக்கலாம். "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்றோ "செப்பரேட் டிக்கெட்ஸ்" என்றோ சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பணம் கட்டும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

மூன்று விமான நிலையங்களையும் தேடுங்கள்

எங்கள் பகுதிக்கு மூன்று வாய்ப்புகள். வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்குக் காரில் சுமார் ஒரு மணி நேரம். மதுரைக்கு இரண்டரை மணி நேரம். திருவனந்தபுரத்துக்கு நான்கரை மணி நேரம் ஆகும். ஆனால் வளைகுடா நாடுகளுக்கு நேரடி விமானங்கள் அங்கேதான் அதிகம்.

தூத்துக்குடி விமான நிலையம் 1992-ல் தொடங்கியது. ஓடுபாதை சுமார் 1,350 மீட்டர்தான் என்பதால், நெடுங்காலம் எழுபது, எண்பது பேர் ஏறும் ஏ.டி.ஆர். ரக விமானங்களே வந்து போயின. ஓடுபாதையை 3,000 மீட்டருக்கு மேல் நீட்டி, புதிய முனையத்தையும் கட்டி, 2025 ஜூலையில் திறந்தார்கள். சுமார் 180 பேர் ஏறும் பெரிய விமானங்களும் இனி இறங்க முடியும்.

கூகுள் ஃப்ளைட்ஸ் தளத்தில் புறப்படும் இடத்துக்கான பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்களைக் கொடுக்கலாம். ஊர்ப் பெயருக்குப் பதிலாக மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுப்பது நல்லது. தூத்துக்குடிக்கு டி.சி.ஆர்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. திருச்சியின் குறியீடு டி.ஆர்.இசட். கடைசி எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும், ஜாக்கிரதை! "தூத்துக்குடி" என்று அடித்து எதுவும் வராவிட்டால் "டூட்டிகொரின்" என்ற பழைய பெயரை அடித்துப் பாருங்கள்.

அதே தளத்தில் "டேட் கிரிட்" என்ற வசதியும் உண்டு. அதைத் திறந்தால் முன்பின் தேதிகளின் கட்டணங்களைக் கட்டம் கட்டமாக ஒப்பிடலாம்.

திரையில் தெரியும் விலை முழு விலை அல்ல

ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள்: டிக்கெட், பெட்டிக் கட்டணம், இருக்கைக் கட்டணம், வெப்சைட்டின் "கன்வீனியன்ஸ் ஃபீ", விமான நிலையம் வரை கார் அல்லது ரயில், தேவைப்பட்டால் ஓர் இரவுத் தங்கல். மிகக் குறைந்த கட்டணத்தில் பெட்டி சேராமலிருக்கலாம். எத்தனை கிலோ என்று பாருங்கள்.

டிராவல் தளங்களில் விலையைத் தேடுங்கள், ஆனால் முடிந்தவரை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே டிக்கெட் எடுங்கள். ரத்து செய்யவோ தேதி மாற்றவோ வேண்டியிருந்தால், நடுவில் இன்னொருவர் இல்லாமலிருப்பது பெரிய நிம்மதி.

"குக்கீயை அழித்துவிட்டுத் தேடினால் விலை குறையும்" என்று பலர் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல கட்டணப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவான பிரிவு தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவான பிரிவில் இரண்டு இடம்தான் மிச்சம் என்றால், நால்வருக்குமே அடுத்த விலையைக் காட்டக்கூடும். முதலில் ஒருவருக்குத் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இனிஷியல் தகராறு

நம்மவர்களுக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. அம்மாவின் பாஸ்போர்ட்டிலும் 'சர்நேம்' இடம் காலி. ஆனால் தளங்கள் இரண்டு பெட்டிகளையும் நிரப்பச் சொல்லும். ஒற்றைப் பெயருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தந்த நிறுவனமே சொல்லியிருக்கும், அதன்படி செய்யுங்கள். நீங்களாக ஒரு பெயரைச் சேர்க்காதீர்கள். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும்.

இன்னொரு விஷயம். விசிட் விசாவில் வருபவர்களின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக் கொள்ளப்படும் என்றும் பிறகு விளக்கம் வந்தது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

தேதியும் நேரமும்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. 15-ம் தேதி 00:30 மணி விமானம் என்றால் 14-ம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

சிறிய விமான நிலையங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. சென்னையிலிருந்து வந்த விமானமேதான் பெரும்பாலும் உங்களை ஏற்றிக் கொண்டு திரும்பும். அது அங்கே புறப்படத் தாமதமானால் இங்கேயும் தாமதம்தான். ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமானம் கிளம்பிவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். நான் அன்று பார்த்திருந்தால், அம்மா ஊரில் இருக்கும்போதே சென்னை நிறுவனத்தை அழைத்துத் தேதியை மாற்றக் கேட்டிருப்பேன்.

இரண்டாவது பயணம்

பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். இந்த முறை திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம். கோவில்பட்டியில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, அரை நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போனார்கள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாகியிருந்தாலும் கவலையில்லை. தூத்துக்குடி வழியை விட இருவருக்கும் சேர்த்து 1,900 ரூபாய் அதிகம். கணக்குப் பார்க்காமல் கொடுத்தேன்.

துபாயில் இறங்கியதும் அம்மா போன் செய்தார். "ஐயா, வந்து சேந்தாச்சு. போளி கூட நசுங்கல" என்றார்.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டும் பட்டனைக் கிளிக் செய்யும் முன் ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள்: முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால், பயணம் செய்பவர் என்ன செய்வார்? பதில் தெரிந்தால் தைரியமாகக் கிளிக் செய்யலாம்.