வைரச் சான்றிதழுக்குக் காலாவதி உண்டா?

வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹோப் வைரத்தின் எடை 44.5 கேரட் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1975-இல் அதைப் பதக்கத்திலிருந்து கழற்றித் தராசில் வைத்தபோது 45.52 கேரட் இருந்தது. 1988-இல் அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவன நிபுணர்கள் அதன் நிறத்தை ‘ஃபேன்ஸி டார்க் கிரேயிஷ் ப்ளூ’ என்று பதிந்தார்கள். 1996-இல் திரும்பவும் பார்த்தபோது அதுவே ‘ஃபேன்ஸி டீப் கிரேயிஷ் ப்ளூ’ ஆயிற்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்ண வைரங்களுக்கான தரச் சொற்களை ஜிஐஏ 1990-களின் நடுவில் திருத்தி அமைத்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு நீல வைரத்தின் கதை வேறு. விட்டல்ஸ்பாக் என்ற 35.56 கேரட் கல்லை 2008 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் லாரன்ஸ் கிராஃப் வாங்கினார். கிர்டில் எனப்படும் இடுப்பு விளிம்பில் இருந்த சிதைவுகளை நீக்குவதற்காக அதை மறுபடி பட்டை தீட்ட வைத்தார். கல் 31.06 கேரட்டாகக் குறைந்தது. நிறத்தில் இருந்த சாம்பல் சாயல் போய் ‘ஃபேன்ஸி டீப் ப்ளூ’ ஆனது. விஎஸ்2 என்றிருந்த தெளிவு, உள்ளே குறையே இல்லாத உயர்தரத்துக்கு ஏறியது. வரலாற்றுச் சின்னத்தைச் சிதைத்துவிட்டார் என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தச் சண்டை ஒருபுறம் இருக்க, கல்லின் பழைய சான்றிதழ் அன்றோடு செல்லாமல் போனது.

ஒன்றில் அளவுகோல் மாறியது, மற்றதில் கல்லே மாறியது. பத்து, இருபது ஆண்டுப் பழைய சான்றிதழோடு ஒரு வைரம் விலைக்கு வரும்போது வாங்குகிறவர் யோசிக்க வேண்டியதும் இவற்றைத்தான். மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அந்தக் காகிதத்தில் கையெழுத்தான நாளில் ஆய்வகத்துக்கு என்ன தெரிந்திருந்தது?

தேதி போட்ட கருத்து

ஜிஐஏ 1931-இல் தொடங்கப்பட்டது. நிறத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்துகள், தெளிவுக்கு எஃப்எல் முதல் ஐ3 வரை படிகள் என்று இன்று எல்லாக் கடைகளிலும் புழங்கும் தர வரிசை 1950-களில் அங்கே உருவானது. முதல் தர அறிக்கைகள் 1955-இல் வெளிவந்தன. இவற்றில் காலாவதித் தேதி எதுவும் அச்சாவதில்லை.

அறிக்கையின் எல்லா வரிகளும் ஒரே உறுதி கொண்டவை அல்ல. எடையும் அளவுகளும் கருவி தரும் எண்கள். ஒரு கேரட் என்பது 0.2 கிராம். அதை நூறில் ஒரு பங்குவரை குறிப்பார்கள். 0.998 கேரட் கல்லை ஜிஐஏ 0.99 என்றுதான் எழுதும், 0.999 இருந்தால்தான் 1.00. நிறமும் தெளிவும் மனிதக் கண் சொல்வது. நிறம் தெரிந்த மாதிரிக் கற்களோடு, கட்டுப்படுத்திய வெளிச்சத்தில், ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்து நிறத்தை முடிவுசெய்கிறார்கள். தெளிவை 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறார்கள். ஜி-க்கும் எச்-சுக்கும் எல்லையில் நிற்கும் கல் இன்று ஜி, நாளை எச் என்று வரலாம். அதில் சூது இருக்க வேண்டிய அவசியமில்லை.

வீட்டுமனைக்கு எடுக்கும் வில்லங்கச் சான்றிதழ், எந்தத் தேதிவரை தேடினோமோ அதுவரைக்கும்தான் பேசும். வைரச் சான்றிதழும் அப்படித்தான். மறுநாள் நடந்ததற்கு அது பொறுப்பில்லை.

கல்லுக்கு என்ன ஆகும்?

வைரத்தின் மஞ்சள் சாயலுக்குப் பெரும்பாலும் காரணம் அதற்குள் சிக்கியிருக்கும் நைட்ரஜன் அணுக்கள். அவை பூமியின் ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளில் இடம் பிடித்துக்கொண்டவை. பீரோவில் இருபது வருடம் இருந்ததால் எஃப் நிறம் எச் ஆகிவிடாது. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் படிந்து மங்கித் தெரிந்தால் கழுவினால் சரியாகிவிடும்.

ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. வைரத்தைக் கீறுவதற்கு இன்னொரு வைரம் வேண்டும். உடைப்பதற்கு அது தேவையில்லை. அதன் படிகத்துக்கு எளிதில் பிளக்கும் திசைகள் நான்கு உண்டு. கிர்டில் மெல்லியதாக இருந்து, மோதிரம் கிரானைட் மேடையில் சரியான கோணத்தில் இடித்தால் ஓரம் தெறித்துவிடும். பல கற்களை ஒரே பொட்டலத்தில் போட்டு வைத்திருந்தால் ஒன்றோடொன்று உரசும். லூப் எனப்படும் உருப்பெருக்கியில் பார்த்தால், கூர்மையான கோடாக இருக்க வேண்டிய பட்டை விளிம்புகள் வெளுத்து, நார் நாராகத் தெரியும். வெறும் கண்ணுக்கு ‘கல் கொஞ்சம் டல்லா இருக்கு’ என்று மட்டும் தோன்றும்.

இந்தத் தேய்மானம் பழைய சான்றிதழில் ஏறியிருக்காது. சரிசெய்ய மறுபடி பட்டை தீட்டினால் எடை குறையும். 1.02 கேரட் கல் 0.98 ஆனால் இழப்பு நூறில் நான்கு பங்குதான். ஆனால் ஒரு கேரட்டைத் தொட்ட கல்லுக்குச் சந்தையில் தனி விலை இருப்பதால் பண இழப்பு அதைவிடப் பெரிது.

அறிக்கை வந்த பிறகு கல்லுக்குச் சிகிச்சை செய்வதும் உண்டு. 1980-களிலிருந்து, மேற்பரப்பை எட்டும் விரிசலுக்குள் கண்ணாடிப் பொருளைச் செலுத்தி அதை மறைக்கும் முறை புழக்கத்தில் இருக்கிறது. எடை அநேகமாக மாறாது. கல் முன்னைவிடச் சுத்தமாகத் தெரியும். பட்டறையில் நகையைப் பழுதுபார்க்க நெருப்பைக் காட்டினால் அந்த நிரப்பு கெட்டுவிடும். நிலையற்றது என்பதால் இத்தகைய கற்களுக்கு ஜிஐஏ தர அறிக்கையே தருவதில்லை.

2006-க்கு முன், பின்

ஜொலிப்பைத் தீர்மானிப்பது முதன்மையாகக் கட், அதாவது பட்டைகளின் கோணமும் விகிதமும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே புகுந்த ஒளி, அடிப்பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 24.5 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேற முடியாமல் முழுதாகத் திரும்பும். அப்படி இரண்டு முறை திரும்பி மேல்வழியாக வெளிவந்தால்தான் கல் மின்னும். அடிப்பகுதி அதிகம் தட்டையாகவோ ஆழமாகவோ இருந்தால் ஒளி கீழே ஒழுகிவிடும். 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டு, அடிக்கோணம் 40.75 டிகிரி, மேற்கோணம் 34.5 டிகிரி என்று முன்வைத்தார். இன்றும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு முக்கியமான கட்டுக்கு ஜிஐஏ 2006-ஆம் ஆண்டு முதல்தான் தரம் எழுதுகிறது. அதுவும் வட்டமான பிரில்லியண்ட் கற்களுக்கு. அதற்கு முந்தைய அறிக்கையில் ‘பாலிஷ்: எக்ஸலண்ட்’ என்று இருப்பதைக் காட்டி ‘கட்டே எக்ஸலண்ட்’ என்று விற்பனையாளர் சொன்னால் ஏமாற வேண்டாம். பாலிஷ் என்பது மேற்பரப்பின் வழவழப்பு. கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய அறிக்கையில் மொத்த ஆழமும் மேற்தளத்தின் அகலமும் சதவீதமாக இருக்கும், மேல், கீழ்க் கோணங்கள் இருக்காது. மொத்த ஆழம் 61 சதவீதம் என்பதை நல்ல கோணங்களாலும் எட்டலாம், மோசமான கோணங்களாலும் எட்டலாம். ஆகவே 2006-க்கு முந்தைய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லைப் பார்க்காமல் அதன் ஜொலிப்பைத் தீர்மானிக்க வழியில்லை.

ஆய்வகத்துக்குத் தெரியாத காலம்

1999-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் லாசர் காப்லன் நிறுவனமும் ஓர் அறிவிப்பு வெளியிட்டபோது வைரத் தொழில் ஆடிப்போனது. பழுப்பு நிற வைரங்களைப் பெரும் அழுத்தத்தில், 2000 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வைத்து நிறமற்றவையாக மாற்றும் முறை சந்தைக்கு வந்திருந்தது. நைட்ரஜன் மிகக் குறைவான ‘டைப் டூ-ஏ’ வகைக் கற்களில்தான் இது பலிக்கும். லூப்பில் எத்தனை முறை பார்த்தாலும் இதைப் பிடிக்க முடியாது. கல்லைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, லேசர் பாய்ச்சி, அது உமிழும் ஒளியின் நிறமாலையைப் படித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்தச் சோதனைகள் பக்குவப்படச் சில ஆண்டுகள் ஆயின.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் இதே வகையில்தான் சிக்கலைத் தருகிறது. இயற்கை வைரத்தில் தனித்தனி நைட்ரஜன் அணுக்கள் பூமிக்குள் நெடுங்காலம் இருந்து, ஒன்றையொன்று தேடிக் கூட்டங்களாகச் சேர்கின்றன. அந்தக் கூட்டங்கள் 415 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். சில வாரங்களில் வளர்த்த கல்லுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. அதனால் லேசாக மஞ்சள் கலந்த பெரும்பாலான இயற்கைக் கற்கள் எளிய சோதனையிலேயே தம்மை நிரூபித்துக்கொள்கின்றன. நைட்ரஜன் இல்லாத, மிக வெண்மையான கற்கள்தான் கூடுதல் சோதனைக்குப் போக வேண்டும். ஆய்வக வைரங்களுக்கு ஜிஐஏ 2007-இல் தனி அறிக்கை தரத் தொடங்கியது.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. 1980-களில் எழுதிய அறிக்கை ஒன்று, ஆய்வக வைரங்கள் நகைக்கடைக்கு வராத காலத்தைச் சேர்ந்தது. கையில் இருக்கும் கல் அதே கல்தான் என்று உறுதியானால், இயற்கை வைரம் என்பதற்கு அந்தப் பழமையே நல்ல சாட்சி. நிறம் நீக்கும் சிகிச்சைக்குப் போய்வந்த கல்லின் மேற்பரப்பு கெட்டுவிடும். மறுபடி பட்டை தீட்டாமல் விற்க முடியாது. ஆகவே எடையும் மில்லிமீட்டர் அளவுகளும் பழைய அறிக்கையோடு கடைசிப் புள்ளிவரை ஒத்துப்போனால், இடையில் கல் அந்த உலைக்குள் போகவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

காகிதமும் கல்லும் ஒன்றா?

எல்லாம் இந்த ஒரு கேள்வியில் போய் நிற்கிறது. பிற்கால அறிக்கை பெற்ற கற்கள் பலவற்றில் கிர்டில் மீது லேசரால் அறிக்கை எண் பொறித்திருப்பார்கள். கல்லைச் சாமணத்தில் பிடித்து, லூப் வழியாக விளிம்பை மெதுவாகத் திருப்பினால், உறைபனி படிந்த கண்ணாடி போன்ற பட்டையில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்துகள் தெரியும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. இயற்கை வைரத்தின் எண்ணை ஆய்வக வைரத்தில் பொறித்துக் கொண்டுவந்த மோசடிகளை ஜிஐஏ-வே வெளிப்படுத்தியிருக்கிறது.

எண் பொறிக்காத பழைய கல்லுக்கு வேறு கைரேகை உண்டு. முழு அறிக்கையில் கல்லின் வரைபடம் இருக்கும். உள்ளே இருக்கும் துணுக்குகளும் விரிசல்களும் சிவப்பில், மேற்பரப்பின் குறைகள் பச்சையில். சிவப்புப் புள்ளி மேற்தளத்தின் ஓரத்தில் இருப்பதாக வரைபடம் சொன்னால், லூப்பிலும் அது அங்கேயே தென்பட வேண்டும். இந்தப் பொருத்தத்தைப் போலியாக உருவாக்குவது எண்ணைப் பொறிப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

யார் எழுதிய காகிதம் என்பதும் தேதி அளவுக்கு முக்கியம். இஜிஎல் என்ற ஆய்வகப் பெயரில் வந்த அறிக்கைகளில் தரம் ஏற்றிச் சொல்லப்படுகிறது என்ற புகார் முற்றி, 2014 அக்டோபரில் ராப்நெட் என்ற வைர வர்த்தகத் தளம் அவற்றைப் பட்டியலிடுவதையே நிறுத்தியது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ‘அசல் ப்ளூ ஜாகர்’ என்று எழுதிய கடை ரசீதுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்தை ஒட்டி வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. பெயரில் உள்ள நீலத்தின் விளக்கம் இதுதான்: புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிரும் கல் வெயிலில் கூடுதல் வெண்மையாகத் தெரியும். இன்றைய ஆய்வகம் அதை நிறம் என்றும் ஃப்ளோரசென்ஸ் என்றும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதும். ரசீதில் உள்ள பெயர் பெருமைக்கு ஆகும், தரத்துக்கு ஆகாது. நகையில் இருக்கும் பிஐஎஸ் ஹால்மார்க்கும் தங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது, கல்லைப் பற்றி இல்லை.

எப்போது புதிதாக எடுப்பது?

மூக்குத்தியில் இருக்கும் சின்னக் கல்லுக்குப் புதிய சான்றிதழ் வீண்செலவு. சில லட்சங்களைத் தொடும் ஒற்றைக் கல் என்றால் கணக்கு மாறுகிறது. பழைய அறிக்கை 2006-க்கு முந்தையதா, கல் மிக வெண்மையானதா, நெடுநாள் அணிந்த நகையிலிருந்து கழற்றியதா, அளவுகளில் சிறு வித்தியாசமாவது தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மறுபரிசோதனை அவசியம். ஜிஐஏ நகையில் பதித்த கல்லுக்குத் தர அறிக்கை தராது. கழற்றித்தான் அனுப்ப வேண்டும். பின்புறம் மூடிக் கட்டிய பழைய தோடு என்றால், கழற்றுவதில் உள்ள அபாயத்தையும் ஆசாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவர் பக்கத்தையும் யோசிக்க வேண்டும். கல்லின் விலையோடு பார்த்தால் புதிய அறிக்கைக்கான கட்டணம் சொற்பம். தரம் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் வியாபாரியே அதை எடுத்து வைத்திருப்பாரே? பழைய காகிதத்தோடு வரும் எல்லாக் கல்லும் சந்தேகத்துக்குரியது என்று இதற்குப் பொருளில்லை. குடும்பச் சொத்தாக வந்த கல்லை விற்பவருக்கு இந்த யோசனையே வந்திருக்காது. ஆனால் ‘புதிய அறிக்கையிலும் இதே தரம் வந்தால் இந்த விலை, குறைந்தால் விலையைத் திரும்பப் பேசுவோம்’ என்று எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம். தயங்காமல் ஒப்புக்கொள்பவரிடம் பேச்சைத் தொடரலாம். ‘பழசே போதும் சார்’ என்று மழுப்பினால், அடுத்த கடைக்குப் போக அதுவே போதுமான காரணம்.

புதிய அறிக்கை கைக்கு வந்ததும் பழையதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கல்லின் இன்றைய நிலையைப் புதியது சொல்லும். அது எத்தனை ஆண்டுகளாக அதே எடையோடு, அதே அடையாளங்களோடு இருந்துவந்திருக்கிறது என்பதைப் பழையதும் சேர்ந்தால்தான் சொல்ல முடியும். பிறகு விற்க நேரும்போது அந்த இரண்டையும் ஒன்றாக நீட்டுங்கள்.