சாமி பெயரா, நியூமராலஜியா, இங்கிலீஷ் ஸ்டைலா? ரியல் எஸ்டேட் தொடங்கும் வீட்டில் நடக்கும் பெயர்ப் பஞ்சாயத்து!

இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. தட்டில் கை காய்ந்தபடி எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"குலதெய்வம் பேரு வெச்சாதான் நிலைக்கும்" என்கிறார் மாமனார். "மாமா, நியூமராலஜி பார்த்துட்டேன். கடைசியில இன்னொரு 'ஏ' சேர்த்தா சூப்பரா இருக்கும்" என்கிறார் மச்சான். "ஐயோ அப்பா, 'பிரீமியம்', 'லக்சுரி'ன்னு ஏதாவது இருந்தாதான் இன்ஸ்டால எடுபடும்" என்கிறாள் கல்லூரி படிக்கும் மகள். "என்னங்க, முதல்ல அந்தப் பேரு காலியா இருக்கான்னு பாருங்க" என்கிறார் மனைவி.

புதிதாக ரியல் எஸ்டேட் தொழில் தொடங்கும் எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. இந்த நால்வரில் மிக முக்கியமான விஷயத்தைச் சொன்னது மனைவிதான். காரணம், ரியல் எஸ்டேட்டில் பெயர் என்பது வெறும் போர்டு சமாச்சாரம் இல்லை. ஒருவர் தன் பி.எஃப் பணத்தையோ, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை விற்ற காசையோ அந்தப் பெயரை நம்பித்தான் கொடுக்கிறார்.

நம்பிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்?

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். கையில் பத்திரம் இருந்தும் விற்க முடியாமல் ஏராளமான குடும்பங்கள் தவித்தன. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் பலர் மூச்சு விட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மனை வாங்குபவர்கள் பெயரைப் பார்த்து மயங்குவது குறைந்து, "அப்ரூவ்டா, பட்டா இருக்கா, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். பெயரும் டேக்லைனும் இந்தக் கேள்விகளுக்கு எதிரே நின்று பதில் சொல்ல வேண்டும்.

பெரியவர்கள் எப்படிப் பெயர் வைத்தார்கள்?

டெல்லியில் 1946-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் டி.எல்.எஃப். 'டெல்லி லேண்ட் அண்ட் ஃபைனான்ஸ்' என்பதன் சுருக்கம் அது. ஊரும் தொழிலும் பெயரிலேயே இருந்தன. பின்னாளில் டெல்லியைத் தாண்டி வளர்ந்தபோது சுருக்கெழுத்தே அடையாளமாக நின்றது.

பெங்களூருவின் சோபா நிறுவனத்தை 1995-ல் தொடங்கிய பி.என்.சி. மேனன், அதற்குத் தன் மனைவியின் பெயரையே வைத்தார். வீட்டுப் பெயரை போர்டில் எழுதிவிட்டால், தரம் குறையும்போது கெடுவது சொந்தக் குடும்பத்தின் பெயர்தான். அந்தப் பொறுப்பு பெயரோடு சேர்ந்தே வரும்.

2014-ல் வந்த நோபுரோக்கர் நிறுவனம் வேறு வழியில் போனது. தரகர் கமிஷன் கிடையாது என்ற வாக்குறுதியே அதன் பெயர். தனியாக விளக்கம் தேவைப்படவில்லை.

ஊர், குடும்பம், வாக்குறுதி என மூன்றும் மூன்று வழிகள். எதை எடுத்தாலும் கடைசிவரை காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

பொதுவான பெயரில் உள்ள சிக்கல்

'திருச்சி பிளாட்ஸ்', 'பெஸ்ட் ஹோம்ஸ்' போன்ற பெயர்கள் சட்டென்று புரியும். ஆனால், ஊரையோ தரத்தையோ மட்டும் சொல்லும் சொற்களுக்கு டிரேட்மார்க் பாதுகாப்பு கிடைப்பது கடினம். டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவு அப்படிப்பட்ட பெயர்களை மறுக்க இடம் தருகிறது. நாளைக்கே எதிர்க்கடையில் இன்னொருவர் அதே மாதிரி பெயர் வைத்தால் தடுப்பது சிரமம்.

ரியல் எஸ்டேட் சேவைக்கு டிரேட்மார்க்கில் 36-வது வகுப்பு; கட்டுமானத்துக்கு 37-வது வகுப்பு. மனை விற்பதோடு வீடும் கட்டித் தருவதாக இருந்தால் இரண்டிலும் தேட வேண்டும். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டால் பெயர் தனக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கம்பெனிப் பதிவு வேறு, டிரேட்மார்க் வேறு. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவானாலும், அதே பெயரை ஏற்கெனவே டிரேட்மார்க் ஆக வைத்திருப்பவர் வழக்கு போடலாம். போர்டு, விசிட்டிங் கார்டு, லேஅவுட் வளைவு எல்லாம் அடித்த பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால், செலவு மட்டுமல்ல, சேர்த்த நல்ல பெயரும் போய்விடும்.

காந்தி, சத்ரபதி சிவாஜி பெயர்களையும், அரசு நிறுவனம் என்று எண்ண வைக்கும் பெயர்களையும் தொழிலுக்குப் பயன்படுத்த 1950-ம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று போட்டுக்கொள்ளவும் முடியாது.

போனில் சொன்னால் புரியுமா?

நியூமராலஜி நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் இரண்டு 'ஏ', மூன்று 'எஸ்' என்று சேர்த்தால், வாடிக்கையாளர் கூகுளில் சாதாரணமாக டைப் செய்து வேறொருவரின் பக்கத்துக்குப் போய்விடுவார். ஒரு சின்னப் பரீட்சை: பெயரை போனில் ஒருமுறை மட்டும் சொல்லி, எழுத்துக்கூட்டாமல் மாமியாரை எழுதச் சொல்லுங்கள். அவர் சரியாக எழுதினால் பாஸ். ஆட்டோ டிரைவரிடம் சொல்லி ஆபீஸுக்கு வர முடிந்தால் டிஸ்டிங்ஷன்!

தமிழில் எழுதும்போதும் அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கடை, நிறுவனப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி.

இன்னொரு விஷயம். லேஅவுட்டுக்கு வைக்கும் பெயர் நிறுவனத்தையும் தாண்டி நிற்கும். 1920-களில் உருவான தியாகராய நகரை நூறு ஆண்டுகள் கழித்தும் தி.நகர் என்றுதான் அழைக்கிறோம். இன்று போடும் 'நகர்' நாளை நூறு குடும்பங்களின் ஆதாரிலும், ரேஷன் கார்டிலும், கல்யாணப் பத்திரிகையிலும் ஏறும்.

டேக்லைன்... கவிதை இல்லை, வாக்கு!

'உங்கள் கனவு இல்லம்', 'நம்பிக்கையின் மறுபெயர்' போன்ற வரிகளில் பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் நினைவில் நிற்காது.

'பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்', '2 வருடத்தில் விலை டபுள்' போன்ற வரிகள் நினைவில் நிற்கும். ஆனால் அவை ஆபத்தானவை. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, விளம்பரத்துக்கும் பொறுப்பு வைக்கிறது. தவறான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு புரொமோட்டர் இழப்பீடு தர வேண்டும். அவர் விலக விரும்பினால், கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது 12-வது பிரிவு.

பதிவு தேவைப்படும் திட்டத்தை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, எட்டு வீடுகளுக்கு மேல் கட்டினாலோ பொதுவாகப் பதிவு வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண்ணும், ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் இடம்பெற வேண்டும். அப்படிப்பட்ட திட்டங்களில் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டுக்கும் தனிப் பதிவு எண் தேவை. டேக்லைனை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும், இந்த எண்ணுக்கு இடம் விட்டே ஆக வேண்டும்.

கடைசியில் பேசியவர்

மீண்டும் அந்தச் சாப்பாட்டு மேஜை. இவ்வளவு நேரம் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த மாமியார் வாய் திறக்கிறார்.

"நம்ம வீடு வாங்கும்போது உங்க அப்பா எத்தனை ராத்திரி தூங்கலைன்னு எனக்குத்தான் தெரியும். வில்லங்கம் வந்துடுமோ, வில்லங்கம் வந்துடுமோன்னு அதே பேச்சு. அந்தப் பயம் உங்ககிட்ட வர்றவங்களுக்கு இருக்கக் கூடாது. அதை எழுதுங்கப்பா."

மேஜையில் ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு மகள் போனை எடுத்து டைப் செய்கிறாள்: 'வில்லங்கம் பார்த்த பிறகே விலை பேசுவோம்.'

'கனவு' இல்லை, 'லக்சுரி' இல்லை. ஆனால் வாங்க வருபவர் கேட்க நினைக்கும் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒரே நிபந்தனை: இந்த வரியைப் போர்டில் எழுதிய நாளிலிருந்து, ஒவ்வொரு மனைக்கும் வில்லங்கச் சான்று எடுத்து, வாடிக்கையாளர் கேட்கும் முன்பே மேஜையில் வைக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் அந்த வரியே எதிர்சாட்சி ஆகிவிடும்.

பெயர் வைக்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

* ஐந்து பெயர்களை எழுதி, டிரேட்மார்க் தளத்தில் 36, 37 வகுப்புகளில் தேடுங்கள்.
* கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பாருங்கள். ஒதுக்கப்பட்ட பெயர் 20 நாள்களுக்குத்தான் உங்களுக்காகக் காத்திருக்கும்.
* இணையதள முகவரி, சமூக வலைதளக் கணக்குகள் அதே பெயரில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.
* பதிவு கிடைக்கும் முன் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' குறி போடாதீர்கள். அது சட்டப்படி தவறு. 'டி.எம்' குறி போடலாம்.
* டேக்லைனில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஆவணம் காட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்டு அடிக்க ஆர்டர் கொடுப்பது இதற்கெல்லாம் அப்புறம்தான்!