காட்டு வான்கோழி: குரல் கொடுத்து வரவழைக்கும் வேட்டை

காட்டு வான்கோழி வட அமெரிக்காவுக்கு உரிய பறவை. மயிலும் கௌதாரியும் அடங்கிய பேசியானிடே குடும்பத்தைச் சேர்ந்த இதன் அறிவியல் பெயர் மெலியாகிரிஸ் கேலோபாவோ. பண்ணைகளில் வளரும் வான்கோழிகள் அனைத்தும் மெக்சிகோவில் பழக்கப்படுத்தப்பட்ட இதே இனத்தின் வழிவந்தவை. வளர்ந்த சேவல் 7 முதல் 11 கிலோ வரை எடையிருக்கும். பெட்டை ஏறத்தாழ 4 கிலோ. சேவலின் மார்பிலிருந்து குதிரைமயிர் போன்ற ஒரு கற்றை தொங்கும். ‘தாடி’ எனப்படும் இது உண்மையில் இறகின் மாற்றுருவம். காலில் கூரிய முள் உண்டு. இறகில்லாத தலையும் கழுத்தும் பறவையின் கிளர்ச்சிக்கு ஏற்பச் சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் மாறும்.

இதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. அதனால் தலையை அசைக்காமலே சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியைப் பார்க்கும். சற்றே திருப்பினால் நாற்புறமும் தெரியும். நிறங்களை நன்கு பிரித்தறியும். ஒலி எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும் துல்லியமாக உணரும். மோப்பத் திறன் மட்டும் குறைவு. இத்தகைய பறவையை மறைந்து மறைந்து நெருங்குவது பெரும்பாலும் வீண் முயற்சி. வேட்டைக்காரர் ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்து, பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலைத் தன்னிடம் வரவழைக்கும் முறை தோன்றியதற்கு இதுவே காரணம்.

சேவலின் பழக்கம்

வான்கோழிகள் இரவில் உயர்ந்த மரங்களில் அடையும். வசந்த காலம் இனப்பெருக்கப் பருவம். அப்போது விடியுமுன்பே சேவல் மரத்திலிருந்தபடி ‘காபிள்’ எனப்படும் உரத்த குரலை எழுப்பும். காற்றில்லாத காலையில் அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பின்னர் தரையிறங்கி, வாலிறகை விரித்து, சிறகைத் தரையில் உரசியபடி நடை போடும். குரலைக் கேட்ட பெட்டைகள் அதை நாடிச் செல்லும்.

வேட்டைக்காரர் விரும்புவதோ இதற்கு நேர்மாறானது: சேவல் தன் இடத்தை விட்டுப் பெட்டையைத் தேடி வரவேண்டும். இந்த வேட்டையின் கடினமெல்லாம் இதில்தான் இருக்கிறது. வேட்டைக்காரர் எழுப்பும் குரலுக்குச் சேவல் பதில் தந்துவிட்டு, பெட்டை வரட்டும் என்று நின்ற இடத்திலேயே நிற்பதுண்டு. ஏற்கெனவே பெட்டைகள் சூழ்ந்திருந்தால் அவற்றை விட்டு எளிதில் நகராது. வேலி, ஓடை போன்ற தடைகள் குறுக்கே இருந்தாலும் தயங்கி நின்றுவிடும்.

அறிய வேண்டிய குரல்கள்

வான்கோழிகளின் குரல்கள் பலவகை. தொடக்கநிலையில் மூன்றைப் பழகினால் போதும். முதலாவது ‘யெல்ப்’: சீரான இடைவெளியில் தொடர்ந்து வரும் சில ஒலிகள், பெட்டையின் அடிப்படை அழைப்பு. இரண்டாவது ‘கிளக்’: தனித்தனியே வரும் சிறு கொக்கரிப்பு, அருகிலுள்ள பறவையின் கவனத்தை ஈர்ப்பது. மூன்றாவது ‘பர்’: நிம்மதியாக மேயும்போது எழும் மெல்லிய உருளொலி. இவற்றோடு ‘பட்’ என்ற கூர்மையான எச்சரிக்கை ஒலியையும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். கிளக் ஒலியை அழுத்தி எழுப்பினால் அது ‘பட்’ ஆகிவிடும், சேவல் ஓடிவிடும்.

குரலின் இனிமையைவிடத் தாளமே முக்கியம். காட்டில் உண்மையான பெட்டைகளிலேயே கரகரத்த குரல் உடையவை உண்டு. ஆனால் யெல்ப் ஒலிகளின் இடைவெளி பிசகினால் அது வான்கோழியின் குரலாகவே இராது.

அழைப்புக் கருவிகள்

கற்க எளியது பெட்டி அழைப்பான். மெல்லிய மரப்பெட்டியின் விளிம்பில், சாக்கட்டி தடவிய மர மூடியை உரசினால் யெல்ப் எழும். அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் இவ்வகைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மரம் நனைந்தால் ஒலி கெட்டுவிடும் என்பது இதன் குறை.

அடுத்தது வட்ட அழைப்பான். உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கிண்ணத்தின் மேல் சிலேட்டுக் கல்லோ கண்ணாடியோ அலுமினியமோ பதித்திருக்கும். மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஒரு குச்சியால் சிறு வட்டங்களாக இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் குச்சியின் நுனியைத் தூக்காமல் இழுப்பதே இதன் நுட்பம். மெல்லிய கிளக், பர் ஒலிகளுக்கு இது மிகப் பொருத்தமானது.

வாய் அழைப்பான் குதிரை லாடம் போன்ற சிறு சட்டத்தில் மெல்லிய ரப்பர் தாளைப் பொருத்திய கருவி. மேலண்ணத்தில் ஒட்டி வைத்து, நாக்கால் அழுத்திக் காற்றைச் செலுத்த வேண்டும். கைகள் இரண்டும் ஓய்வாக இருப்பதால் சேவல் நெருங்கிய கடைசி நேரத்தில் இதுவே உதவும். பழகுவதற்கு மற்றவற்றைவிட அதிக நாளாகும். இவை அனைத்துக்கும் மூத்தது சிறகெலும்பு அழைப்பான். வான்கோழியின் சிறகெலும்புகளைக் குழலாக இணைத்து, உதட்டால் காற்றை உறிஞ்சி ஒலியெழுப்பும் இம்முறையை அமெரிக்கப் பழங்குடியினர் அறிந்திருந்தனர்.

வேட்டை நாள்

வேட்டைக்கு முன்பே சேவல் அடையும் மரத்தைக் கண்டறிய வேண்டும். மாலையில் ஆந்தை அலறலையோ காக்கைக் கரைதலையோ எழுப்பினால், அதிர்ந்த சேவல் தன்னையறியாமல் குரல் கொடுத்து இருப்பிடத்தைக் காட்டிவிடும். மறுநாள் இருள் விலகுமுன் அம்மரத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில், தோளைவிட அகன்ற மரத்தில் சாய்ந்து அமர வேண்டும். முகமும் கைகளும் உட்பட உருமறைப்பு தேவை. முதலில் மெல்லிய யெல்ப் சில போதும். சேவல் பதில் தந்து நெருங்கத் தொடங்கினால் குரலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மௌனம் அதன் தேடலைத் தூண்டும். ஓயாமல் அழைப்பதுதான் புதியவர்களின் பொதுவான பிழை.

சிதறுகுண்டுத் துப்பாக்கியால் தலையும் கழுத்தும் சேரும் பகுதியைக் குறிவைப்பார்கள். 35 மீட்டருக்குள் வரும்வரை பொறுப்பது நல்லது. அதற்கு அப்பால் குண்டுகள் பரவி, பறவை சாகாமல் காயத்துடன் தப்பக்கூடும்.

பாதுகாப்பும் சட்டமும்

இவ்வேட்டையின் பெரிய ஆபத்து, மனிதரை வான்கோழியென்று எண்ணிச் சுடுவது. எனவே சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் ஆடையில் இருக்கக் கூடாது. கேட்கும் காபிள் ஒலியை நோக்கி மறைந்து செல்வதும் தவறு. அது மற்றொரு வேட்டைக்காரர் எழுப்பியதாக இருக்கலாம். வேறொருவர் வருவது தெரிந்தால் கையசைக்காமல், உரத்த குரலில் பேசி அறிவிக்க வேண்டும். பறவையை முழுமையாகக் கண்டு, தாடியையும் உறுதிசெய்த பின்பே விசையில் விரல் வைக்க வேண்டும்.

உரிமம், பருவம், நேரம், ஒருவர் சுடக்கூடிய எண்ணிக்கை ஆகியவற்றை அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலமும் தனியே வகுத்துள்ளது. இக்கட்டுப்பாடுகளுக்குப் பின்னே ஒரு கசப்பான வரலாறு உண்டு. கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் இப்பறவை அற்றுப்போயிருந்தது. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான கலால் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பியது. 1950களிலிருந்து, வெடிவிசையால் பாயும் வலைகளில் காட்டுப் பறவைகளைப் பிடித்து வேறிடங்களில் விட்டனர். இன்று அலாஸ்கா தவிர மற்ற 49 மாநிலங்களிலும் காட்டு வான்கோழி உண்டு. வசந்த வேட்டை பெரும்பாலும் சேவல்களோடு நிற்பதால், அடைகாக்கும் பெட்டைகள் பிழைத்து அடுத்த தலைமுறையை வளர்க்கின்றன.