மெலனோமாவுக்குப் பிறகு ஒரு புதுக் கட்டி: டாக்டரிடம் எப்போது சொல்வது?

மெலனோமா ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போய்வரும் ஒருவருக்குக் குளிக்கும்போது தொடை இடுக்கில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை. அடுத்த செக்கப்புக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. அந்த வாரமே டாக்டர் கண்ணில் பட வேண்டிய கட்டி அது.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் உண்டாகும் புற்றுநோய் மெலனோமா. வெள்ளைத் தோலினருக்குப் பெரும்பாலும் வெயில் படும் இடங்களில் வரும். நம்மவர்களிடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் கணிசமாக வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததும் இந்த வகைதான். மெலனோமா செல்கள் இடம்பெயர்ந்தால் பலருக்கும் முதலில் நிணநீர் வழியாகத்தான் போகும். பாதத்திலிருந்து தொடை இடுக்குக்கு, கையிலிருந்து அக்குளுக்கு, முகம், தலையிலிருந்து கழுத்துக்கும் காதின் முன்பக்கத்துக்கும். முதுகில் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம். உங்கள் தழும்பிலிருந்து வழி எங்கே போகிறது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தழும்பை ஒட்டியோ போகிற வழியிலோ தோலுக்கடியில் பட்டாணி அளவில் முண்டுகள் எழும்பலாம். அவை கறுப்பாகத்தான் இருக்கும் என்றில்லை. தோல் நிறத்திலோ நீலம் பாய்ந்தோ இருக்கலாம்.

பலரையும் ஏமாற்றுவது வலி. காலில் புண் வந்து நெறி கட்டினால் தொட்டாலே வலிக்கும். புண் ஆற ஆற இரண்டு வாரத்துக்குள் வற்றிவிடும். மெலனோமா பரவிய நிணநீர்க் கணு பெரும்பாலும் வலிக்காது. கெட்டியாக இருக்கும், நாளாக ஆகப் பெரிதாகும். மெத்தென்று நழுவும் கொழுப்புக் கட்டி வேறு. ஆனால் தடவிப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல டாக்டராலும் முடியாது; அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். புண், சளி என்று காரணம் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

நோயாளியின் கைக்கு இன்று முன்பைவிட வேலை அதிகம். மெலனோமா இருந்த இடத்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவில் நோய் தெரிந்தால் அந்தப் பகுதிக் கணுக்கள் முழுவதையும் எடுத்துவிடுவது பழைய வழக்கம். அப்படி எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதன்பின் பலருக்குக் கணுக்களை விட்டுவைத்து ஸ்கேன் மூலம் கண்காணிக்கிறார்கள். இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான். நோய் திரும்புவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் அதிகம். ஆனாலும் பத்து ஆண்டு கழித்துத் திரும்பியதும் உண்டு.

மாதம் ஒருமுறை மல்லாந்து படுத்து, முழங்காலைச் சற்று மடக்கி, விரல்களைச் சேர்த்துத் தொடை மடிப்பில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். கட்டி தென்பட்டால் பேனாவால் சுற்றி வரைந்து, ஸ்கேலால் அளந்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிதுக்க வேண்டாம், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட வேண்டாம். பக்கத்து கிளினிக்கில் கீறிவிடச் சம்மதிக்கவே வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் பழைய பயாப்சி ரிப்போர்ட்டைக் காட்டி, மெலனோமாவுக்கு ஆபரேஷன் ஆனது என்பதை முதலில் சொல்லுங்கள்.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல், 90 வயதில், மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. ஆபரேஷன், கதிர்வீச்சு, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து எல்லாம் பெற்று, நூறு வயதைக் கடந்து 2024 டிசம்பரில் காலமானார். எல்லோருக்கும் அந்த மருந்து அப்படிக் கேட்காது, விலையும் அதிகம். சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால் ஆபரேஷனோடு முடிய வாய்ப்பு கூடுதல்.

சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினால் நிம்மதியாக வீடு திரும்புங்கள். டாக்டரைத் தொந்தரவு செய்துவிட்டோமே என்று கூச வேண்டியதில்லை. செக்கப் வைத்திருப்பதே இதற்குத்தான். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு கட்டி நினைவுக்கு வந்தால், இன்றே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து எங்கே, எவ்வளவு பெரியது, எப்போது பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.