நீங்கள் எந்த ரகம்?

குட்டீஸ்! விடுமுறை வருகிறது என்றாலே வீட்டில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். "மலைக்குப் போகலாம்" என்பான் அண்ணன். "கடலுக்குத்தான்" என்று அடம்பிடிப்பாள் தங்கை. "பேசாம பாட்டி வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார் அப்பா!

இந்த முறை தீர்ப்பை நீங்களே சொல்லலாம். ஆனால், அதற்கு முன் ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். பயணம் என்று வந்தால் நீங்கள் எந்த ரகம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆறாம் வகுப்பு விடுமுறையில் பெரியப்பா குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போனேன். அங்கே ராஜகிரி என்ற மலை சுமார் 800 அடி உயரம். அண்ணன்கள் படிகளில் தாவிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் நான் கீழே எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்! முழங்கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. வெளியே சொன்னால் கேலி செய்வார்களே! பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். உச்சியை நெருங்கும்போது பாறையில் ஒரு பெரிய பிளவு. அதன்மேல் ஒரு சிறிய பாலம். அதைப் பார்த்ததும் கால் நகரவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமேடா. கீழே கல்யாண மகால் இருக்கு, நெற்களஞ்சியம் இருக்கு. அதுவும் கோட்டைதானே?" என்றார். இருவரும் மெல்ல இறங்கினோம். "எதிரிகள் சுற்றி வளைத்துக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? தண்ணீர் எங்கிருந்து வரும்?" என்று பெரியப்பாவைக் கேள்விகளால் துளைத்தேன். அன்றுதான் எனக்குப் புரிந்தது, நான் ஏறுகிற ரகம் இல்லை; கேள்வி கேட்கிற ரகம்!

சரி, உங்கள் ரகத்தைக் கண்டுபிடிக்கலாமா?

கால் சும்மா இருக்காதவரா?

மாடிப்படியைக் கண்டால் இரண்டு இரண்டாகத் தாவுவீர்களா? உங்களுக்கு ஏற்ற இடம் செஞ்சிதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதில் சுவரால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. 1677-இல் சத்ரபதி சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1714-இல் ஆற்காடு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு உயிர்விட்டார், நாம் கதைகளில் கேட்கும் ராஜா தேசிங்கு. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் செஞ்சி இடம்பிடித்தது. மே மாத வெயிலில் பாறை சுட்டெரிக்கும். அதனால் மழை இல்லாத நாளாகப் பார்த்து, அரையாண்டு விடுமுறையில் போங்கள். காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்!

தண்ணீரைக் கண்டால் துள்ளுபவரா?

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பிச்சாவரம். இங்கே தண்ணீருக்குள்ளேயே காடு! கிளைகள் தலையில் உரசும் குறுகலான கால்வாய்களில் துடுப்புப் படகு போகும். இந்தக் காட்டு மரங்களின் வேர்கள் விசித்திரமானவை. சேற்றுக்குள் காற்று கிடைக்காது அல்லவா? அதனால் சில மரங்களின் வேர்கள் பென்சில்களை நட்டு வைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டு சுவாசிக்கின்றன! சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இந்தக் காட்டு இனம்தான். அதன் பால் பட்டால் கண் எரியும். எனவே கிளையை ஒடிக்காதீர்கள். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ள வேண்டும். புயல், மழைக் காலத்தில் இங்கே வேண்டாம்.

உற்றுக் கவனிப்பவரா?

சத்தம் போடாமல் எறும்பு வரிசையை அரைமணி நேரம் பார்ப்பீர்களா? உங்களை வேடந்தாங்கல் அழைக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் அருகே உள்ள இந்த ஏரிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூட்டம் கூட்டமாக வரும். கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். நத்தைக்குத்தி நாரையின் அலகுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும், கவனித்துப் பாருங்கள். பறவைகள் பயப்படும் என்று இந்த ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர், அவர்கள் வயலுக்கு உரமாகிறது. பார்த்தீர்களா நட்பை!

"இது எப்படி ஓடுது?" என்று கேட்பவரா?

பொம்மைக் காரைப் பிரித்துப் போட்டுத் திட்டு வாங்கியவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் ஏறுங்கள். தூரம் 46 கிலோமீட்டர்தான். ஆனால் போய்ச் சேர ஏறக்குறைய 5 மணி நேரமாகும்! கல்லாறு முதல் குன்னூர் வரை சரிவு மிக அதிகம். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் இருக்கிறது. எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்துப் பிடித்து ஏறும். இன்னொரு வேடிக்கை, மேலே ஏறும்போது நீராவி எஞ்சின் முன்னால் இருந்து இழுக்காது. பின்னால் இருந்து தள்ளும்! 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் இந்தப் பாதை போடப்பட்டது. கோடை விடுமுறைக்கு ஏற்ற பயணம். முன்பதிவு செய்ய மறந்துவிடாதீர்கள்.

வீட்டில் ஆளுக்கொரு ரகம் இருந்தால்?

சண்டை வேண்டாம்! இந்த விடுமுறைக்கு உங்கள் ரகம், அடுத்த விடுமுறைக்குத் தங்கையின் ரகம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் போனான் என்பதற்காக மட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவன் ரகம் வேறு, உங்கள் ரகம் வேறு.

இன்னொன்று, மிக முக்கியம். உயரம் பயமா? தண்ணீர் பயமா? வளைவுப் பாதையில் வாந்தி வருமா? கிளம்பும் முன்பே அம்மா, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சொல்வது கோழைத்தனம் இல்லை. மறைத்தால்தான் ஆபத்து. நடுங்கும் காலோடு நான் படியில் தவறி விழுந்திருந்தால், என்னை மட்டுமல்ல, பிடிக்க வந்தவரையும் சேர்த்து இழுத்திருப்பேன். அதேபோல, பயப்படும் தம்பியைக் கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்துதான் அவன் வாயை மூடிக்கொள்வான்.

ஒரு ரகசியமும் சொல்லட்டுமா? ரகம் என்பது நெற்றியில் எழுதி ஒட்டியது இல்லை. நான்கு வருடம் கழித்து மறுபடி செஞ்சிக்குப் போனேன். கிளம்பும்போதே, "பெரியப்பா, பாலத்துக்கிட்ட எனக்குப் பயமா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், பாலத்தைத் தாண்டிவிட்டேன்!

என்ன குட்டீஸ், உங்கள் ரகம் எது என்று தெரிந்துவிட்டதா? சீக்கிரம் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் பாட்டி வீட்டுக்கு டிக்கெட் எடுப்பதற்குள்!