தண்ணீர் வடிந்தால் போதுமா?

சேலையூரில் எங்கள் வீடு தெருவின் பள்ளத்தில் இருக்கிறது. போன ஐப்பசியில் எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கினார். அன்றிரவு மழைத் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டது. காலையில் தெருவே கேட்கும்படி கத்தினேன். நியாயம் என் பக்கம்தான்; இன்றும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

அடுத்த நாள் ஞாயிறு, திருவிருந்து. அதில் பங்குபெறுமுன் அவரவர் தம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கொரிந்து சபைக்கு எழுதினார் பவுல். சனிக்கிழமை இரவு என்னையே கேட்டேன்: அந்த மேடு யாருக்கும் தெரியாமல் கரைந்து, தண்ணீர் வடிந்தால் போதுமா? போதாது என்றது மனம். அக்கா நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும். மூன்று வருடம் முன்பு என் மகள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அந்த ஆத்திரத்துக்கு மழை ஒரு சாக்கு.

காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சமாதானமாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5). யாருக்கு உன்மேல் குறையோ அவரிடம் போ என்கிறார். உனக்கு யார்மேல் குறை என்று கேட்கவில்லை. உன் கண்ணிலுள்ள உத்திரத்தை முதலில் எடு என்னும் உவமையிலும் (மத்தேயு 7) அடுத்தவர் கண்ணின் துரும்பை அவர் மறந்துவிடவில்லை. அதை எடுக்க உன் பார்வை தெளியட்டும் என்கிறார்.

தவறை மறைக்காமலே சமாதானமாக முடியுமா? எங்களுக்குப் பக்கத்தில், தாம்பரத்திலுள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் 1938 டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. சீனாவின் ஹாங்சோவில் நடக்கவேண்டியது, ஜப்பான் தொடுத்த போரால் தாம்பரத்துக்கு வந்தது. சீனரும் ஜப்பானியரும் ஒரே அவையில் சேர்ந்து ஜெபித்தார்கள். அதனால் ஜப்பான் செய்தது நியாயமாகிவிடவில்லை. ஆனாலும் எதிரி நாட்டவரை எதிரியாகவே பார்க்கவேண்டியதில்லை என்பதற்கு அந்த அவை சாட்சி.

ஞாயிறு காலை, கோவிலுக்குப் போகுமுன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "கத்தினது என் தப்பு அக்கா. ஆனா தண்ணி உள்ள வருது, அதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்றேன். அவர் கண் கலங்கியது. "கல்யாணப் பத்திரிகையை ஒரு பையன்கிட்ட குடுத்தனுப்பினியே. எதிர்வீடுதானே, நேர்ல வந்து கூப்பிடத் தோணலையா?" என்றார்.

மூன்று வருடமாக என்மேல் இருந்த குறை அது. எனக்குத் தெரியவே இல்லை.

அந்த வாரமே இருவரும் பணம் போட்டு மேட்டுக்கு அடியில் குழாய் பதித்தோம்.