மறதி நோயும் தொற்றுநோய்க் காலமும்: தம்பதியர் அறிய வேண்டியவை



பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் மட்டும் குடும்ப நலம் அல்ல. நம்மை வளர்த்தவர்களை முதுமையில் காப்பதும், அப்படிக் காப்பவர் நொந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் குடும்ப நலமே.

மறதி நோய் என்றால் என்ன?

வயதானால் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சகஜம். ஆனால், சாப்பிட்டு அரை மணி ஆகுமுன் “எனக்கு யாரும் சோறு போடல” என்று சொன்னால், பழகிய தெருவிலேயே வழி தப்பினால், அது வெறும் மறதி அல்ல. டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள். மூளையின் செல்கள் சிறுகச் சிறுகச் சேதமாவதால் வருவது. இது பைத்தியமும் அல்ல, செய்வினையும் அல்ல. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. நம் நாட்டில் 60 வயதைத் தாண்டிய 100 பேரில் சுமார் 7 பேருக்கு இது உண்டு என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இதற்கு இல்லை. ஆனால் தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொரோனா காலத்தில் நடந்தது என்ன?

2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. காலையில் டீக்கடை, மாலையில் கோயில் திண்ணை என்று இருந்த பெரியவரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னோம். காரணத்தைச் சொன்னாலும் பத்து நிமிடத்தில் அவருக்கு மறந்துவிடும். கதவைத் தள்ளினார், தடுத்தவரை அடித்தார், இரவில் தூங்கவில்லை. முகக்கவசம் போட்ட சொந்த மகளைக் கண்டே பயந்தார். “வேணும்னே செய்யறாரு” என்று வீட்டார் கோபப்பட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, நோய் செய்ய வைத்தது. பழகிய நேரமும் பழகிய முகமும்தான் அவருக்கு ஊன்றுகோல். இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன.

பார்த்துக்கொண்டவர் பாடும் லேசானதல்ல. பெரும்பாலும் அது மனைவியோ மருமகளோதான். கூலி நின்றது, பள்ளி மூடியது, மாற்றிவிட உறவினர் வரவும் பஸ் இல்லை.

கவனம்! முதியவருக்குக் கொரோனா கண்டால் காய்ச்சல், இருமல் இல்லாமல் திடீர்க் குழப்பம் மட்டுமேகூட வரலாம். மறதி நோய் மாதக்கணக்கில் கூடும். ஓரிரு நாளில் உளறல், ஓயாத தூக்கம், சோறு தண்ணீர் மறுப்பு என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் இப்படி ஆகும்.

நோயாளிக்குச் செய்ய வேண்டியவை

1. வெளியே போக முடியாவிட்டாலும் எழுவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் பழைய நேரத்திலேயே நடக்கட்டும். முற்றத்திலாவது நடக்கவிடுங்கள்.

2. கீரை ஆய்வது, அவரைக்காய் உரிப்பது என்று கைக்கு வேலை கொடுங்கள். தவறாகச் செய்தாலும் திருத்த வேண்டாம்.

3. “கையைக் கழுவுங்க” என்று சொன்னால் போதாது. பக்கத்தில் நின்று நீங்களும் கழுவிக் காட்டுங்கள்.

4. முகக்கவசம் அவர் முகத்தில் நிற்காவிட்டால் சண்டை வேண்டாம். நீங்கள் போட்டுக்கொண்டு, “அத்தை, நான்தான் உங்க மருமக” என்று சொல்லிக்கொண்டே கிட்டே போங்கள்.

5. வாதாடாதீர்கள். “சோறு போடல” என்றால், “இதோ ஆயிடுச்சு, அதுவரைக்கும் இந்தப் பழத்தைச் சாப்பிடுங்க” என்று சொல்லுங்கள்.

6. கட்டிப்போடாதீர்கள். டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள்.

7. அவர் சட்டைப்பையில் பெயரும் வீட்டுப் போன் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

கணவருக்கு ஒரு வார்த்தை

“அவ பாத்துக்குவா” என்று எழுந்துபோகாதீர்கள். அவர் உங்கள் தாயோ தந்தையோ அல்லவா? இரவுக் காவலை ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்பாவைக் குளிப்பாட்டுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். தினமும் ஒரு மணி நேரமாவது மனைவிக்கு ஓய்வு கொடுங்கள். தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எரிச்சல், “செத்துப்போயிடலாம்” என்ற பேச்சு இவை வந்தால் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ நினைக்காதீர்கள். அவருக்கும் சிகிச்சை தேவை. மனைவி தன் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும்போதும் இதே நியாயம்தான்.

இன்றே செய்து வையுங்கள்

பார்த்துக்கொள்பவருக்கே தொற்று வந்து தனியாக இருக்க நேர்ந்தால், அடுத்து யார்? அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பெரியவர் என்ன சாப்பிடுவார், எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எதற்குப் பயப்படுவார், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மாத மருந்து கையிருப்பில் இருக்கட்டும்.

எங்கே கேட்பது?

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கிராம சுகாதார செவிலியரையும் அணுகுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வரும். மனக் கஷ்டத்துக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்களில் பேசலாம்.

கொரோனா அவசரநிலை முடிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் அறிவித்தது. நாளை வேறொரு தொற்று வரலாம். அப்போதும் பெரியவருக்கு உங்கள் பெயர் மறந்திருக்கும். நீங்கள் அன்பாகப் பேசுகிறீர்களா, அதட்டுகிறீர்களா என்பது மட்டும் புரியும்.

இருவர் சுமந்தால் பாரம் பாதி!